உறுமிய காரும் நான்கு பெரியவர்களும்

காதணி திரும்பி வந்துவிட்டால், எங்கள் குடும்பத்து ஆண்கள் எவரும் கராகோல் நகரக் கடைவீதியில் மானத்துக்கு அடையாளமான வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு நடக்க முடியாது. வழக்கு அவ்வளவுதான். மற்றவையெல்லாம் விவரங்கள்.

என் பேரன் உலானுக்குப் பேசி முடித்த பெண் சாய்கல். வசந்தத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் போய் அவள் காதில் வெள்ளிக் காதணி மாட்டிவிட்டு வந்தார்கள். காதணி ஏறினால் பெண் எங்களுடையவள். அது கழன்று, கைக்குட்டையில் முடிச்சாகி, எங்கள் வாசலுக்கே திரும்பி வருவது எங்கள் ஏழு தலைமுறையில் நடந்ததில்லை. எட்டாவதில் நடக்க நான் விடப்போவதில்லை.

வியாழக்கிழமை மாலை பெண்ணின் தகப்பனார் ஜுமாதில் ஆள் அனுப்பிச் சொன்ன சேதி இது: "எங்க தெருவுல தினம் உறுமிக்கிட்டுப் போறது உங்க பக்கத்துக் காரு. சனிக்கிழமைக்குள்ள அதை அடக்குங்க. இல்லேன்னா கல்யாணத் தேதி குறிக்க வர வேண்டாம். காதணியை நாங்களே கொண்டாந்து தர்றோம்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணையை நான் கையில் எடுத்தேன். முப்பத்தொரு வருடம் இந்த நகரத்துக் காவல்துறையில் துப்பறிந்தவன் நான். ஓர் ஆட்டுத் திருடனை, அவன் விருந்துக்குக் கூப்பிட்ட ஆட்களின் தலையை எண்ணியே பிடித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பெரியவர்கள் மன்றத்தில் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுந்ததில்லை. எழுந்திருந்தாலும் என் காதில் விழுந்ததில்லை.

எனக்கு உதவி என் மருமகள் புருல், உலானின் தாய். ஏரிக்கரைக்கு மினிபஸ் ஓட்டுகிறவள். ஒரு மாதமாக நான் எங்கே புறப்பட்டாலும் "நானும் வர்றேன் மாமா" என்று என் காரின் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறாள். எவ்வளவு குளிர் அடித்தாலும் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் உட்காருவாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் குரல் நல்ல குரல். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போகும். மற்றவர்கள் எல்லோரும் இந்தக் காலத்தில் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள்.

நாங்கள் தெருமுனை திரும்பும்போதே ஜுமாதில் வாசலுக்கு வந்து நின்றிருந்தார். கையில் ரொட்டித் தட்டு. சண்டையிலும் மரியாதை தெரிந்த மனிதர். இந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆட்கள் முன்கூட்டியே வந்து நிற்பார்கள். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். பகையாளியானாலும் ரொட்டி உண்டு. ஆனால் வாசல் கதவை அவர் திறக்கவில்லை. நாங்கள் வெளியே, அவர் உள்ளே, நடுவில் தட்டு.

"விவரமா சொல்லுங்க சம்மந்தி. ஒண்ணையும் மறைக்கக் கூடாது."

ஜுமாதில் என்னைப் பார்த்தார். என் காரைப் பார்த்தார். பிறகு புருலைப் பார்த்தார். புருல் வானத்தைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா நடக்குது, பெரியவரே. காலையில ஆறு மணிக்கு மேட்டுக்குப் போகும். ஏழு மணிக்குக் கீழ இறங்கும். கரடிக்குத் தொண்டையில எலும்பு மாட்டுன மாதிரி ஒரு சத்தம். என் தேனீப் பெட்டியெல்லாம் கொதிக்குது. புதன்கிழமை என் சினைக் குதிரை மிரண்டு வேலியைத் தாண்டிருச்சு. தாண்டுனது தனியாத் தாண்டலை. கொடியில காயப் போட்டிருந்த சீதன மெத்தை பதினொண்ணையும் கயித்தோட இழுத்துக்கிட்டே ஓடிருச்சு."

"எவ்வளவு தூரம்?"

"கடைவீதி வரைக்கும்." அவர் தட்டைக் கீழே இறக்கினார். "மெத்தைன்னா மேல பட்டு இருக்கும். அடியில என்ன இருக்குன்னு எவனாவது புரட்டிப் பாப்பானா? இப்ப ஊரே பாத்துருச்சு. என் பொண்டாட்டி பழைய ஜன்னல் திரையைக் கிழிச்சு வெச்சுத் தெச்சிருக்கா."

"அதுக்கென்ன அண்ணே," என்றாள் புருல். "எங்க வீட்டு மெத்தைக்கு அடியில மாமாவோட பழைய போலீஸ் கோட்டு. படுத்தா ராத்திரி முழுக்க விசாரணை பண்ற மாதிரியே இருக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஓட்டினது யாரு?" என்று கேட்டேன்.

"அதை நான் எப்படிச் சொல்றது?" ஜுமாதில் தரையைப் பார்த்துப் பேசினார். "உங்க பக்கத்து இளவட்டம் யாராவது இருக்கும். பேரு என் வாயால வேண்டாம். நீங்களே கண்டுபிடிச்சா எல்லாருக்கும் நல்லது."

"சம்மந்தி, ஒரு விஷயம் எனக்கு இடிக்குது. மேட்டு ஊத்துக்குத் தண்ணி எடுக்க நான் தினம் ஆறு மணிக்கு இந்தத் தெரு வழியாத்தான் போறேன். ஒரு நாளும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை."

வேலிக்கு உள்ளே குதிரை எங்கள் மூவரையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. காதுகள் இரண்டும் பின்னால் மடிந்திருந்தன.

"நீங்க வர்ற நேரத்துல," என்றார் ஜுமாதில் நிறுத்தி நிறுத்தி, "இந்தத் தெருவுல வேற எந்தச் சத்தமும் கேக்காது, பெரியவரே."

மரியாதையான பதில். போக்கிரி என்னைப் பார்த்துப் பயந்து, நான் போன பிறகே வருகிறான் என்று குறித்துக்கொண்டேன்.

வாசலுக்கு எதிரே வேகத்தடை. அதன் மேல் புதிதாக ஒரு வெள்ளைக் கீறல். பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் ஏதோ மின்னியது. நான் குனிவதில்லை, சுட்டிக்காட்டினேன். புருல் எடுத்தாள். வளைந்த இரும்புப் பட்டை, உள்ளங்கை அகலம்.

"சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை மாமா. குழாயைத் தாழ்வா மாட்டியிருக்காங்க. மேட்டுல இடிச்சுக் கழண்டு விழுந்திருக்கு." அவள் அதைத் திருப்பினாள். "வெல்டிங் வெச்சது பட்டறைக்கார மாஷன்லோ. மூணு புள்ளியோட நிறுத்தியிருக்கார் பாருங்க. நாலாவது புள்ளி வெக்க அவருக்குச் சோம்பல்."

"மாஷன்லோ நல்லவனாச்சே. போன மாசம் என் எஞ்சினைச் சரி பண்ணிக் குடுத்தவன். இந்த மாதிரிப் போக்கிரி வேலையெல்லாம் செய்ய மாட்டானே."

"நல்லவங்கதான் மாமா செய்வாங்க," என்றாள் புருல்.

*

எதிர்வீட்டில் பால் விற்கும் நாஸ்குல் இருந்தாள். எங்கள் வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் பெரியப்பா வழிப் பேரன் ஒருவனின் மனைவி. என்னைக் கண்டதும் தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்டேன். அவள் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"சத்தமா சொல்லுடி," என்றாள் புருல். "மாமாவுக்கு எதுவும் தெளிவா இருக்கணும்."

"அந்தக் காரு," நாஸ்குல் குரலை உயர்த்தினாள், "உறுமுறது மட்டும்தான். மத்தபடி ரொம்ப சாது. முத கியர்லயே இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போகும். வாத்து குறுக்க வந்தா நிக்கும். எல்லா வாத்தும் போற வரைக்கும் நிக்கும். அப்புறம் அந்தப் பக்கத்து விளக்கு ஒண்ணு மினுக்கிக்கிட்டே இருக்கும். எங்கயும் திரும்பாது, ஆனா மினுக்கும். தெரு முழுக்க."

"ஓட்டினவனைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரு?"

அவள் தலைத்துணியை மூக்கு வரை இழுத்தாள். "கல்தூணார்."

"கல்தூணாரா? அது எவன்?"

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். பால் பொங்குகிறதாம். அடுப்பில் புகைகூட இல்லை. ஆனால் எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

எங்களில், வீட்டுக்கு வந்த மருமகள் புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. ஆளாளுக்கு ஒரு மாற்றுப் பெயர் வைத்துக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயர்கள் எங்களை வந்து எட்டுவதில்லை. நாஸ்குல் ஓர் இளவட்டத்தைப் பார்த்திருந்தால் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பாள். பெயரை மறைத்தாள். ஆகவே ஓட்டியவன் இளவட்டம் இல்லை. கிழவன். அதுவும் எங்கள் வம்சத்துக் கிழவன்.

இத்தனை காலம் பிறர் வீட்டு மானத்தைத் தோண்டியவன், இப்போது என் வீட்டில் மண்வெட்டியை வைத்திருந்தேன்.

*

காரில் ஏறியதும் தலைவலி தொடங்கியது. சம்பந்தி வீட்டுக் கவலையால் ஒரு மாதமாகவே காருக்குள் இப்படித்தான். புருல் என் பக்கத்து ஜன்னலையும் இறக்கச் சொன்னாள். வண்டியைக் கிளப்பினேன். எஞ்சின் ஒலி கம்பீரமாக இருந்தது. முன்பெல்லாம் அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் தேய்ந்து கிடந்தது.

"கேட்டுக்கோ புருல்," என்றேன். "வாத்துக்கு நிக்கிறவன் போக்கிரி இல்லை. முத கியர்லயே போறவனுக்கு எஞ்சின் கதறுறது தெரியலை. விளக்கு மினுக்கும்போது உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம் வரும். அதுவும் அவனுக்குக் கேக்கலை. அப்போ ஆளு யாரு? வயசானவன். செவிடு. செவிடுன்னு ஒத்துக்காத செவிடு."

"அடேங்கப்பா," என்றாள் புருல். கையை நீட்டி என் ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். சமீபத்தில் அவளுக்கு இந்த எரிச்சலூட்டும் பழக்கம் வந்திருக்கிறது. "இவ்வளவு கண்டுபிடிச்சிட்டீங்களே மாமா. இன்னும் ஒரு அடிதான் பாக்கி."

"நம்ம வம்சத்துல எழுபது தாண்டிக் காரு ஓட்டுறவங்க நாலு பேரு. நாலாவது நான். மிச்சம் மூணு. பெய்ஷென்?"

"ஆப்பிள் பறிப்பு முடிஞ்சதும் மக வீட்டுக்குப் பிஷ்கெக் போயிட்டாரு. இன்னும் வரலை." பெய்ஷென் தூரத்து உறவு, அவரைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் தடுக்கவில்லை, பெயரை மட்டும் தவிர்த்தாள்.

"காலிக்?"

"அவரு காரு செங்கல் மேல நிக்குது. சக்கரம் நாலையும் அவரு மகன் கழட்டிட்டுப் போயிட்டான்."

"அப்போ ஓஸ்மோன்."

ஓஸ்மோன் என் சித்தப்பா மகன். முதுகு வில்லாக வளைந்தவன். அவனை ஒருத்தி கல்தூண் என்பாளானால் அது கேலிதான். எங்கள் வம்சத்தில் நிமிர்ந்த முதுகு ஒன்றே ஒன்று. அது என்னுடையது. என் பேரனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்ததிலிருந்து ஓஸ்மோனுக்கு வயிற்றெரிச்சல், அதுவும் ஊரறிந்தது.

"காது கேக்காதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லேன்னா குதிரை வாங்கிக்கணும். காரை உறும வெச்சு ஊரை எழுப்புவானா ஒருத்தன்? குடும்ப மானம்னு ஒண்ணு இல்ல?"

"அவரைப் பாத்தா என்ன சொல்லுவீங்க மாமா?"

"நேராப் போயி பொண்ணு வீட்டு வாசல்ல நின்னு, தன் பேரையும் தன் ஏழு பாட்டன் பேரையும் சொல்லி மன்னிப்புக் கேளுன்னு சொல்லுவேன். மன்றத்துல உக்காந்து நான் எத்தனை பேருக்கு அந்தத் தீர்ப்பு குடுத்திருக்கேன். சொந்தக்காரன்னா வேற தீர்ப்பா?"

"கல்லுல எழுதி வெச்சுக்கிறேன்," என்றாள் புருல். மீண்டும் அந்தக் கம்பியைத் தட்டினாள்.

*

மாஷன்லோவின் பட்டறை சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. சுவர் முழுக்கப் பழைய குழாய்கள் தொங்கும். மாஷன்லோ துங்கான் இனத்தவர், எங்கள் வம்சமில்லை. கையில் தேநீர்க் கிண்ணத்தோடு முற்றத்தில் நின்றிருந்தார். அவரும் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார்.

பட்டையை நீட்டினேன். "இது உன் கை வேலைதானே?"

அவர் பட்டையைப் பார்க்கவில்லை. புருலைப் பார்த்தார். புருல் தலையை மெல்ல அசைத்தாள்.

"என் கை வேலைதான் பெரியவரே."

"ஓஸ்மோன் காருக்குப் போட்டதுதானே? ஒளிக்காதே."

"ஓஸ்மோன் ஐயா காரா?" மாஷன்லோ திகைத்தார். "அதுல ரெண்டு வருஷமா கோழி அடைகாக்குதே. பின்சீட்டுல மட்டும் ஏழு கோழி."

என் பட்டியலில் ஆள் தீர்ந்துவிட்டது.

"அப்போ யாரு காரு?"

"டீ குடிங்க பெரியவரே."

"கேள்வி கேட்டேன்."

"ரெண்டு டீ குடிங்க."

"மாஷன்லோ. அந்த வண்டி இப்போ எங்கே?"

அவர் எச்சில் விழுங்கினார். "இங்கதான் இருக்கு. இந்த முற்றத்துலதான்."

நான் திரும்பி முற்றத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டே வண்டிகள். ஒன்று முன்சக்கரம் இல்லாத ஒரு பழைய டிராக்டர்.

"இந்த டிராக்டரா?"

"மாமா," என்றாள் புருல், இதுவரை நான் அவளிடம் கேட்டிராத ஒரு மெதுவான குரலில், ஆனால் உதட்டை நன்றாகப் பிரித்து. "டிராக்டருக்கு மினுக்குற விளக்கே கிடையாது."

இரண்டாவது வண்டி என்னுடையது. சாவியை முழுதாகத் திருப்பாமல் இறங்கியிருக்கிறேன். புருல் கம்பியைத் தட்டித் தட்டி அணைத்துவந்த அதன் வலதுபக்க விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்து. சத்தமே இல்லாமல்.

மாஷன்லோ காரைப் பழுதுபார்க்கும் பள்ளத்தின் மேல் ஏற்றினார். நான் குனிந்தேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. அடியில் ஒரு தடித்த குழாய், ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் தொங்கியது. பட்டையை வைத்துப் பார்த்தார். மூன்று புள்ளிகளும் பொருந்தின.

புதன்கிழமை காலை நினைவுக்கு வந்தது. அன்று மட்டும் புருல் என்னோடு வரவில்லை. ஜுமாதில் தெரு முழுவதும் வெளியே நின்றிருந்தது. ஆண்களும் பெண்களும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். நல்ல வளர்ப்புள்ள தெரு என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

"யாரு இதைச் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் பெரியவரே." மாஷன்லோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எஞ்சின் குரல் செத்துப்போச்சு, சரி பண்ணுன்னு வந்தீங்க. எடுத்துப் பாத்தேன். எஞ்சின் சுத்தமா இருந்துச்சு. ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கு மறுபடி மறுபடி சாவி திருப்பி மூணு தடவை ஸ்டார்ட்டர் பல்லை உடைச்சிருக்கீங்க. குறை வண்டியில இல்ல. எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதை நான் எப்படி உங்ககிட்ட சொல்றது? எங்க அப்பாவே உங்களுக்கு எந்திரிச்சு நின்னவரு."

"அதனால?"

"ஒண்ணு உங்க காதைப் பத்திப் பேசணும். இல்லேன்னா உங்க சைலன்சரை அறுக்கணும். இரும்பு கோவிச்சுக்காது. அறுத்துட்டேன். நேரான குழாயை மாட்டிட்டேன். நீங்க வண்டியைக் கிளப்பிப் பாத்துட்டு, என் தோளைத் தட்டி, 'இப்பத்தான்டா பழைய குரல் வந்துச்சு'ன்னீங்க. அன்னைக்கு ராத்திரியில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் புருல். "மேட்டுல இருந்து நீங்க இறங்குறப்பவே எங்க பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் டீயைக் குடிச்சு முடிச்சிருவாங்களாம். கிண்ணம் ஆடிக் கொட்டிருமே."

பள்ளத்துக்குள் இறங்கியிருந்த மாஷன்லோ ஒரு மூட்டில் விரலை வைத்தார். விரல் கருப்பாக வந்தது. "இது நான் செஞ்சதிலேயே பெரிய தப்பு. மேட்டுல இடிச்சு இடிச்சு இந்த மூட்டு வாயைத் திறந்திருக்கு. புகை நேரா வண்டிக்குள்ளதான் போகுது. உங்களுக்குத் தலை வலிக்குமே?"

ஒரு மாதமாகத் திறந்தே கிடந்த ஜன்னலைப் பார்த்தேன்.

"வலிக்குது," என்றாள் புருல். "முத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டு முற்றத்துல நீங்க வண்டி நிறுத்துற இடத்துல புல்லு கருகியிருந்துச்சு. ஏறி உக்காந்தா கண்ணு எரியுது. அதான் எங்க போனாலும் கூடவே ஏறிக்கிட்டேன். நான் பக்கத்துல இருந்தா ஜன்னல் திறந்திருக்கும்ல."

"ஏன் சொல்லலை?"

"எப்படி மாமா சொல்றது? மருமக வாயால உங்க பேரும் வரக் கூடாது, உங்க காதும் வரக் கூடாது. என் புள்ள கல்யாணமே முறியப் போகுது, அப்பவும் வரக் கூடாது. சரி, துப்பறியறதுல நீங்க கெட்டிக்காரர், நீங்களே கண்டுபிடிச்சிருவீங்கன்னு தெரியும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கொஞ்சம் லேட்டாகும்னும் தெரியும்."

மாஷன்லோ சுவரிலிருந்து என் பழைய சைலன்சரை இறக்கினார். தூசு தட்டி, எண்ணெய் பூசித் தனியாக ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

"திரும்ப மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம். நாலு புள்ளி வெக்கிறேன் பெரியவரே. அஞ்சும் வெக்கிறேன்."

"மாட்டு," என்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். "நான் நடந்து போறேன்."

"எங்க மாமா?"

"தீர்ப்பு சொல்லியாச்சு. கல்லுல எழுதி வெச்சுக்கிட்டதா நீதானே சொன்னே."

*

ஜுமாதில் தெருவை நான் நடந்து பார்த்தது அன்றுதான். வாத்துகள் என்னைக் கண்டு ஒதுங்கவில்லை, நான் ஒதுங்கினேன். எந்த வீட்டு வாசலிலும் எவரும் நிற்கவில்லை. ஜுமாதில் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. இத்தனை நாளும் நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டது என்னவென்று அப்போது முழுதாகப் புரிந்தது. கையைத் தூக்கிக் கதவைத் தட்டினேன்.

ஜுமாதில் எட்டிப் பார்த்து விழித்தார். என் பின்னால் கார் இருக்கிறதா என்று பார்த்தார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த புருல்தான் இருந்தாள். உள்ளே, துவைத்த பதினொரு மெத்தைகளும் மீண்டும் கொடியில் காய்ந்தன. அவற்றின் பக்கத்தில் குதிரை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. சாய்கல். காதணி இன்னும் காதில்தான் இருந்தது.

"ஆளைப் பிடிச்சிட்டேன் சம்மந்தி."

"விடுங்க பெரியவரே. பேரெல்லாம் எதுக்கு? சத்தம் நின்னா போதும். யாரோ இளவட்டம்..."

"இளவட்டம் இல்லை." நான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். மன்றத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் அப்படி நின்றிருக்கிறார்கள். தலையில் இவ்வளவு காற்று அடிக்கும் என்று எவரும் சொன்னதில்லை. "உங்க தெருவுல உறுமினவன் பேரு ஷப்தான். துர்துபாய் மகன். துர்துபாய் எசெங்குல் மகன். எசெங்குல் மொல்தோபாய் மகன். மொல்தோபாய் சாடிகே மகன். சாடிகே தில்தே மகன். தில்தே பெலெக் மகன். பெலெக் அரிக் மகன். இந்த ஏழு பேரும் எந்த வீட்டு வாசலையும் அசிங்கப்படுத்தினவங்க இல்லை. அசிங்கப்படுத்தினது நான். மெத்தைக்கு அடியில தெரிஞ்ச திரைச்சீலை உங்க வெக்கம் இல்லை, என்னோடது. என் பேரன் மேல எந்தத் தப்பும் கிடையாது. காதணி அவன் காதணி. என் கோபத்துக்கும் என் வீம்புக்கும் அதுல பங்கு இல்லை."

ஜுமாதிலின் உதடுகள் அசைந்தன. புருல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலில் இருந்த முகம் மறைந்தது. எல்லோருக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை.

எழுபத்தாறு வயது எனக்கு. புரியாத பேச்சுக்கு "சரி, சரி" என்று தலையசைத்து எத்தனை வருடம் ஓட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்றும் தலையசைத்திருக்கலாம்.

"சம்மந்தி," என்றேன். "சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

புருல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் என் வீட்டில் வாழ்ந்தவள், என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஜுமாதில் வாசல் கதவை அகலத் திறந்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். மலைச்சரிவில் குதிரை மந்தையைக் கூப்பிட்டுப் பழகிய நெஞ்சு அது. நிறைய மூச்சு இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கே வாங்க. தேதி குறிச்சிரலாம்."

ஒரு சொல்லும் தவறாமல் எனக்குக் கேட்டது. எனக்கு மட்டுமா, ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். குதிரைக்கும் கேட்டது. அது பின்னங்காலில் எழுந்தது, கொடியைப் பிடுங்கிக்கொண்டு திறந்த கதவு வழியாக எங்கள் இருவருக்கும் நடுவில் பாய்ந்தது. பதினொரு மெத்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக என் கால்களைத் தொட்டுக்கொண்டு கடைவீதியை நோக்கிப் போயின. இந்த முறை பட்டுப் பக்கம் மேலே இருந்தது.

நான் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"மாமா," என்றாள் புருல், தூரத்தில் சிறுத்துக்கொண்டிருந்த கடைசி மெத்தையைப் பார்த்தபடி, பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கும் குரலில். "இந்தத் தடவை கத்தின குத்தவாளி பேரை நான் தாராளமா சொல்லலாம்."